ஏலகிரிக்கு எடுத்துப்போன பிரெஞ்சு நாவல்கள்

பாய்லர் ஓட்டுகிறவனின் இரண்டு கண்ணும் கம்பெனிக்குச் சொந்தம். வருஷத்தில் ஆறே ஆறு நாள் மட்டும் அவற்றை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ரப்பர் கம்பெனி. இருபத்திரண்டு வருஷமாக அங்கே நைட் ஷிப்ட். பாய்லரின் நெஞ்சில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். அதில் தண்ணீர் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் என் வேலை. தண்ணீர் கோட்டுக்குக் கீழே போனால் நானும் போவேன், கம்பெனியும் போகும், எதிர் டீக்கடையும் போகும். அதனால் வேலை நேரத்தில் பஸ் டிக்கெட்டில் இருக்கும் எழுத்தைக்கூடப் படிப்பதில்லை. பகலில் தூங்க வேண்டும். தூக்கம் வராது, ஆனாலும் தூங்குகிற மாதிரி படுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டில் இருப்பவர்கள் ரேஷன் கடைக்கு அனுப்பிவிடுவார்கள்.

மே மாதம் ஷட்டவுன். முதல் இரண்டு நாள் பாய்லருக்குள் இறங்கிக் கரி சுரண்டுவோம். அப்புறம் ஆறு நாள் லீவு. அந்த ஆறு நாளுக்கு என் மனைவி கஸ்தூரியோடு ஏலகிரிக்குப் போவேன். கையில் ஒரு பிரெஞ்சு நாவல் இருக்கும். வருஷம் முழுக்கக் கண்ணைச் சேர்த்துவைத்து ஒரே ஒரு புத்தகத்தில் செலவழிக்கும் நைட் ஷிப்ட் சகோதரர்களே, நீங்களே சொல்லுங்கள்: அந்த ஒன்றைத் தப்பாக எடுத்துவிட்டால் அடுத்த மே வரைக்கும் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும்

பூந்தமல்லி ரோட்டை விட்டால் ஏலகிரி மட்டுமே தெரிந்த எனக்குப் பிரெஞ்சு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். பாய்லர் வழியாக வந்தது. எங்கள் முதலாளி யாரோ விற்ற பழைய பிரான்ஸ் பாய்லர் ஒன்றை வாங்கிப்போட்டார். கூடவே தொண்ணூறு பக்கத்துக்கு ஒரு கையேடு, முழுக்கப் பிரெஞ்சில். பொருத்திக்கொடுக்க வந்த இஞ்சினியர் எது எதைத் திருக வேண்டும், எதைத் திருகவே கூடாது என்று கையால் காட்டிவிட்டுப் போய்விட்டார். வண்டி ஓடியது. ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. ராத்திரி முழுக்க நாம் முறைத்துப் பார்க்கும் ஒரு ஜீவன் என்ன பாஷை பேசுகிறது என்று தெரியாமல் எப்படி இருப்பது? கையேட்டை ஜெராக்ஸ் எடுத்தேன். தடித்த அகராதி ஒன்று வாங்கினேன். தூக்கம் வராத பகல்களில் ஒரு நாளைக்கு நாலு வரி வீதம் படித்தேன்.

இரண்டு வருஷம் ஆயிற்று. நீராவி, அழுத்தம், வால்வு, சுடர், எண்ணெய், கண்ணாடி, விளக்கு, அபாயம், விலகி நில். பிரெஞ்சில் இவை எல்லாம் எனக்கு மனப்பாடம். கடைசிப் பக்கத்தின் கடைசி வரிக்கு வந்து சேர்ந்தேன். 'இந்தக் கையேட்டை முறையாகப் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே படிக்க வேண்டும்' என்று போட்டிருந்தது. என் ஷிப்டில் ஃபிட்டராக இருக்கும் தனசேகரிடம் போய்ச் சொன்னேன். அவன் ஸ்பேனரைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"அதான் ரெண்டு வருசம் ட்ரெய்னிங் எடுத்துட்டியே அண்ணாத்தே, இப்ப மொதல்லேந்து படி."

மூன்று இடத்தில் திறந்து பார்

மொழியைக் கற்றாயிற்று. இனிப் படிக்க ஏதாவது வேண்டும். பூந்தமல்லியில் காஜா பாய் பழைய பேப்பர் கடை வைத்திருக்கிறார். ஒரகடம் பக்கம் எந்தக் கம்பெனிக்கோ வந்து இரண்டு மூன்று வருஷம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர்கள் மூட்டை மூட்டையாகப் போட்டுவிட்டுப் போன புத்தகங்கள் அவர் கடையின் பின்பக்கம், உடைந்த ஏர்கூலருக்குப் பக்கத்தில் கிடந்தன. எல்லாம் பிரெஞ்சு. காஜா பாயைப் பொறுத்தவரை அவை ஈரம் இல்லாத நல்ல பேப்பர், அவ்வளவுதான்.

எழுதியவர் பேர் எனக்கு ஒன்றும் சொல்லாது. பின்னட்டையும் சொல்லாது. ஆகவே என் முறையைக் கண்டுபிடித்தேன். புத்தகத்தை முன்னால், நடுவில், கடைசியில் என்று மூன்று இடத்தில் திறப்பேன். ஒவ்வொரு பக்கத்திலும் எனக்குத் தெரிந்த வார்த்தை குறைந்தது மூன்று இருக்க வேண்டும். அதாவது நீராவியோ, வால்வோ, அட்லீஸ்ட் ஒரு விளக்காவது. மூன்று இடமும் தேறினால் அது எனக்கான நாவல். இந்தக் கணக்கில் முதல் தடவை ஒரு மத்தியானம் முழுக்க அங்கே குந்தியிருந்தேன். காஜா பாய் தொழுகைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார், அப்போதும் நான் அதே மூட்டையில்தான் இருந்தேன்.

"பொண்ணு பாக்கப் போனப்பகூட நான் அஞ்சு நிமிசம் நிமிந்து பாத்ததோட சரி. நீ இன்னா நைனா, தோசை மாரி பொரட்டிகினே கீறே?"

ஆறு பேர் குடும்பம்

அன்றைக்குத் தேறியது அட்டை கிழிந்த ஒரு குண்டுப் புத்தகம். திறந்த இடமெல்லாம் நீராவி. பக்கத்துக்கு ஒரு வால்வு. அழுத்தம் ஏறுகிறது, இறங்குகிறது. தொழிற்சாலை வாழ்க்கையை இவ்வளவு உள்ளே புகுந்து எழுதிய ஆள் உலகத்தில் இருக்க முடியாது என்று புல்லரித்துப்போனேன்.

ஏலகிரிக்கு மூட்டை கட்டும்போது கஸ்தூரி ஒரு சட்டம் போட்டாள். "புக்கு ஒண்ணு, இல்லாட்டி அந்த டிக்சனரி ஒண்ணு. ரெண்டயும் தூக்கினு மல ஏற்றதுக்கு நான் இன்னா கழுதயா?" அகராதி வீட்டில் நின்றுவிட்டது. இன்று வரைக்கும் அது ஏலகிரியைப் பார்த்ததில்லை.

லாட்ஜ் வாசலில் பலாச்சுளை தின்றுகொண்டே அவள் கதை கேட்டாள். நானும் புரிந்ததைச் சொன்னேன். அது ஆறு பேர் கொண்ட ஒரு குடும்பம். ஒவ்வொரு அத்தியாயமும் 'ஆறு பேருக்கு' என்றுதான் ஆரம்பிக்கும். நடுநடுவே சின்னச் சின்ன வரிகளாக ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். அவற்றைக் கவிதை என்று எடுத்துக்கொண்டேன். அப்புறம் அழுத்தம் ஏறும், ஏதோ ஆபத்து வரப்போகிறது என்று நாம் பதறுவோம், கடைசியில் வால்வு திறக்கும், ஆறு பேரும் மேஜையில் உட்கார்ந்துவிடுவார்கள். எவ்வளவு பெரிய தத்துவம் என்று நான் வியந்துகொண்டிருந்தேன். மூன்றாம் நாள் இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பிரித்தபோது உள்ளே ஒரு படம் இருந்தது. பிரஷர் குக்கர். நான் படித்துக்கொண்டிருந்தது சமையல் புத்தகம். அதை அவளிடம் சொல்லலாமா வேண்டாமா என்று நான் தவித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கொட்டையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்:

"மூணு நாளா ஆறு பேரும் துன்னுகினே கீறானுங்களே, ஒருத்தனுக்குமா வேலவெட்டி இல்ல?"

அப்பால?

அடுத்த வருஷம் நான் ஏமாறவில்லை. பக்கங்கள் ஒட்டியிருக்கின்றனவா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். அசல் நாவல். முதல் பக்கத்திலேயே விளக்கு, எண்ணெய், கண்ணாடி, சுடர். கடலோரத்தில் ஒரு கலங்கரை விளக்கம். அதுவரை நன்றாகப் புரிந்தது. சொன்னேன். கஸ்தூரி "அப்பால?" என்றாள்.

இரண்டாம் பக்கத்திலிருந்து எனக்குத் தெரிந்த வார்த்தை பத்துக்கு ஒன்றுகூட இல்லை. புத்தகத்தை மூடிவைத்திருக்கலாம். ஆனால் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னைப் பார்த்து "அப்பால?" என்று கேட்டதே இல்லை. மனுஷர்கள் அப்படிக் கேட்கிற நேரத்தில் நான் வேலைக்குக் கிளம்பியிருப்பேன். ஆகவே சொன்னேன். விளக்கு ஏற்றுகிறவன் ஒருத்தன். பொழுது சாய ஏறுவான், விடிய இறங்குவான். வீட்டுக்கு வந்ததும் கதவைத் தட்டாமல் வெளியே கொஞ்ச நேரம் நிற்பான். உள்ளே பாத்திரச் சத்தம் கேட்கிறதா, அவள் எழுந்துவிட்டாளா என்று காது கொடுப்பான். இன்றைக்கு அவளிடம் இதைப் பேச வேண்டும், அதைப் பேச வேண்டும் என்று நின்ற இடத்திலேயே மனசுக்குள் ஒத்திகை பார்ப்பான். உள்ளே போனதும் "தண்ணி வந்துச்சா?" என்று மட்டும் கேட்பான்.

பலாச்சுளையைத் தட்டில் வைத்துவிட்டு அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அதற்கப்புறம் நான் கெட்டுப்போனேன் என்றே சொல்ல வேண்டும். வருஷத்துக்கு ஒரு நாவல் வாங்கினேன், முதல் பக்கம் அவர்களுடையது, மிச்சம் என்னுடையது. ஒரு வருஷம் ரொட்டி சுடுகிறவன், ஒரு வருஷம் ரயில் ஓட்டுகிறவன், ஒரு வருஷம் ஆஸ்பத்திரி லிஃப்ட்காரன். நாலாவது வருஷம் பாலத்துக் காவல்காரனைப் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போது அவள் நிறுத்தினாள்.

"இன்னாயா இது, பிரான்சுல பகல்ல வேல செய்றவனே கெடையாதா?"

கதை அண்ணனூருக்குப் போனது

கஸ்தூரி கேட்டதைத் தனக்குள் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. மகளிர் குழுக் கூட்டத்தில் கையெழுத்துப் போட்டு முடிந்ததும் விளக்குக்காரன் கதையைச் சொல்லியிருக்கிறாள். "எங்க ஊட்டுக்காரு பிரெஞ்சுல படிச்சி எனக்குத் தமிழ்ல சொல்வாரு" என்று முன்னுரையும் கொடுத்திருக்கிறாள். அந்தக் குழுவில் தனசேகரின் மனைவியும் உண்டு. அவர்கள் வீடு அண்ணனூரில். மூன்றாம் நாள் சாயங்காலம் கம்பெனி கேட்டிலேயே தனசேகர் என் சைக்கிளை மறித்தான். முகம் சரியில்லை.

"உன் லைட்டவுஸ்காரனால எங்க ஊட்ல ரெண்டு நாளா பேச்சுவார்த்த இல்ல அண்ணாத்தே. நானும் கதவாண்ட நின்னுதான் பாத்தேன், பால் பாக்கெட்டு போடவந்தவன்னு நெனச்சி உள்ளேந்தே 'நாளைக்கு ஒண்ணு கம்மி'ன்றா."

இரண்டு மழை

பேர் பரவிவிட்டால் ஆலோசனை கேட்டும் ஆள் வருவார்கள். எங்கள் ஷிப்ட் இஞ்சினியர் திருநெல்வேலிக்காரர். பருத்திப்பட்டில் எங்கள் பிளாட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். ஊட்டிக்குப் போவதாகச் சொல்லி, படிக்க லேசாக ஒரு பிரெஞ்சு நாவல், ஆங்கிலத்தில் கிடைக்கிற மாதிரி சொல்லும்படி கேட்டார். எனக்கு ஒரு நாவலும் முழுசாகத் தெரியாது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? புத்தகக் கடைக்குப் போய் மூன்று இடத்தில் திறந்து பாருங்கள் சார், மூன்று இடத்திலும் தண்ணீர் இருந்தால் தைரியமாக எடுங்கள் என்றேன். பாய்லர்காரன் வேறு என்ன சொல்லுவான்? அவரும் அப்படியே பார்த்து வாங்கிப் போனார். திரும்பி வந்த அன்று அழுத்தம் காட்டும் கேஜைப் பார்க்கிற சாக்கில் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏழுமலை, நீங்க சொன்ன மாதிரியே வாங்குனேன். நாப்பது பக்கம் வரைக்கும் மழை பேயுது. ஊட்டியிலயும் மழை. ஒரு மனுசனுக்கு எதுக்குவே ரெண்டு மழை?"

மூன்றாவது மாடி

இதுவரை சிரித்தீர்கள். இனி நடந்தது எனக்குச் சிரிப்பாக இல்லை.

இந்த வருஷம் எங்கள் பிளாட்டில் மூன்றாவது மாடிக்குப் பர்வீன் டீச்சர் குடிவந்தார். காரைக்கால்காரர். நம் பக்கத்துப் பிள்ளைகள் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுக்கிறார்கள் அல்லவா, அவர்களுக்கு டியூஷன். சாயங்காலமானால் மாடிப்படியெல்லாம் செருப்பு. ஷட்டவுனுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு காலை வேலை முடிந்து வந்தேன். அலமாரியில் கலங்கரை விளக்க நாவலைக் காணோம். "டீச்சராண்ட குட்த்துட்டு வந்தேன்" என்றாள் கஸ்தூரி. "அந்தக் கதவாண்ட நிக்கிற எடம் கீதுல்ல, அத்த பிரெஞ்சுலயே ஒருக்கா படிச்சிக் காட்டச் சொல்லியிருக்கேன். புரியலன்னா இன்னா, சத்தம் எப்டி கீதுன்னு கேக்கணும்."

படுத்தேன். மின்விசிறி சுற்றியது. அவள் கோபித்துக்கொண்டால் பரவாயில்லை, பொய்க்காரன் என்று மகளிர் குழுவில் சொன்னாலும் தாங்கிக்கொள்வேன். ஆனால் இனிமேல் அவள் "அப்பால?" என்று கேட்க மாட்டாளே. நானும் அவளும் பேசிக்கொள்வதற்கு வருஷத்தில் ஆறு நாள் இருந்தது. அதுவும் போனால் மிச்சம் இருப்பது தண்ணீர் வந்ததா, கேஸ் புக் பண்ணியாயிற்றா, அவ்வளவுதான். மூன்று நாள் இதே நினைப்பு. கண்ணாடிக் குழாயைப் பார்த்தால் அதில் தண்ணீரும் நானும் சேர்ந்து இறங்குவது மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் வேலைக்குக் கிளம்பும்போது டீச்சரைக் கீழே பார்த்தேன். பிள்ளைகளை அனுப்பிவிட்டு நின்றுகொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அண்ணே, இதுல லைட்ஹவுஸ் மொதப் பக்கத்துல மட்டுந்தான் வருது. அதுக்கப்புறம் முந்நூறு பக்கமும் அண்ணன் தம்பி சொத்துச் சண்டை. அக்கா நாளைக்குக் கேக்க வர்றேன்னிருக்காங்க, நான் எதப் படிச்சிக் காட்டட்டும்?"

இந்த வருஷத்துப் புத்தகம்

டீச்சர் எனக்காகப் பொய் சொல்லியிருப்பார். கண்ணிலேயே தெரிந்தது. ஏதாவது நாலு வரியைப் படித்துவிட்டு இதுதான் அந்தக் கதவு என்றால் கஸ்தூரிக்கு என்ன தெரியப்போகிறது? ஆனால் என் பொய்க்கு இன்னொருத்தர் வாயை வாடகைக்கு எடுக்க மனசு வரவில்லை. மறுபடி மாடி ஏறினேன். கஸ்தூரி எனக்குக் கொடுத்துவிட மறந்த சாப்பாட்டு கேரியரோடு படியில் எதிரே வந்தாள். அங்கேயே, படியில் நின்றபடி சொல்லிவிட்டேன். ஒரு பக்கம்தான் அவங்களுது, மிச்சம் நான் சொன்னது. விளக்குக்காரன் மட்டுமில்லை, ரொட்டிக்காரன், ரயில்காரன், லிஃப்ட்காரன், எல்லாரும்.

அவள் கேரியரின் கிளிப்பை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தாள்.

அன்றைய ஷிப்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் வந்து சேர்ந்தேன். வாசலில் நிற்க எனக்கு இடமே தராமல் கதவு விரியத் திறந்து கிடந்தது. கஸ்தூரி காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். மேஜையில் அந்த நாவல்.

"டீச்சராண்ட நேத்தே போய்ட்டேன்," என்றாள். "முழுக் கதயும் சொல்லச் சொல்லிக் கேட்டேன். எட்டு மணியாச்சி."

"எப்டி கீது?"

"நல்லாத்தான் எழுதிக்கீறான். அண்ணன்காரன் தம்பிய ஏமாத்திட்றான், தம்பி கோர்ட்டுக்குப் போறான். ஆனா முந்நூறு பக்கத்துல ஒருத்தன்கூட ஊட்டுக்கு வந்து சேரல." டம்ளரை என் பக்கம் தள்ளினாள். "கதவாண்ட நிக்கிறவன் எந்தப் பக்கத்துல வர்றான்னு கேட்டேன். அப்டி ஆளே இல்லன்ட்டாங்க."

"இல்லதான்."

"அவன் எத்தினி வருசமா நிக்கிறான்?"

காபி சூடாக இருந்தது. நிதானமாகக் குடிக்க வேண்டியிருந்தது. "பாய்லருக்குப் போனதுலேந்து," என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள், ஏதோ கணக்கு சரியாக வந்துவிட்ட மாதிரி. அப்புறம் நாவலை எடுத்து என் முன்னால் போட்டாள். "இத்த பாய் கடையிலயே போட்டுட்டு வேற வாங்கியா. இந்த வாட்டி விளக்கு கீது, வால்வு கீதுன்னு தேடிகினு குந்தாத."

"பின்ன எப்டி எடுக்கறது?"

"உனக்கு ஒரு எழுத்துகூட புரியாத புக்கா பாத்து எடு."

விடுமுறைக்குப் பிரெஞ்சு நாவல் தேர்ந்தெடுப்பதில் இத்தனை வருஷ அனுபவத்தில் நான் கண்டது இவ்வளவுதான்: புத்தகம் முழுக்கப் புரிந்துவிட்டால், பெண்டாட்டியிடம் சொல்வதற்கு நம்மிடம் ஒன்றும் மிஞ்சாது.